வெளிநாட்டு சினிமா ஷெட்யூலில் உள்ளூர் ஆள் வைத்து வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புரொடக்ஷன்_பையன்

நானே ஆரம்பிக்கிறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

ஜார்ஜியா நாடு, 2022 நவம்பர். ஒரு பாட்டு, ரெண்டு சீன், பதினோரு நாள். நான் புரொடக்ஷன் அசிஸ்டெண்ட்.

சிக்னாகி பக்கம் ஒரு கிராமத்துல மர பால்கனி வெச்ச பழைய வீடு. தனியா ஒரு பாட்டி. முற்றத்துல பெர்சிமன் மரம். நவம்பர்ல இலை பூரா கொட்டிடும், தக்காளி நிறத்துல பழம் மட்டும் கிளை கிளையா நிக்கும். அந்த மரத்துக்காகத்தான் டைரக்டர் அந்த வீட்டையே ஓகே பண்ணார். பேசி முடிச்சது எங்க ஃபிக்சர், அதாவது இடம், வண்டி, அனுமதி எல்லாம் ஏற்பாடு பண்ற உள்ளூர் ஆள். ஷூட் அன்னிக்கு ரோட்டை அரை மணி நேரம் நிறுத்தித் தரணும்னு அவர் போலீஸ்கிட்ட பேசப் போயிருந்தார். அந்த நேரத்துல ரெண்டு கிளை ஹீரோயின் முகத்தை மறைக்குதுன்னு ஆர்ட் டிபார்ட்மெண்ட்ல அறுத்துட்டாங்க. யாரும் பாட்டியைக் கேக்கலை.

பாட்டி வெளியே வந்தாங்க. சத்தமே போடலை. இடுப்புல கட்டியிருந்த ஏப்ரனை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, கீழே விழுந்த பழத்தை ஒவ்வொண்ணா மண்ணைத் துடைச்சு எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. நாங்க நாப்பது பேர் அதைப் பாத்துட்டு நின்னோம்.

ஃபிக்சர் திரும்பி வந்தார். மரத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழட்டிட்டு அவங்ககிட்ட போய் ரொம்ப நேரம் பேசினார். அப்புறம் சொந்த பர்ஸ்ல இருந்து 200 லாரி எடுத்துக் கொடுத்தார். அது அவங்க ஊர்ப் பணம், நம்ம கணக்குல ஆறாயிரம் ரூபாய் வரும். மேனேஜர் "ஃபைனல் பில்லுல பாத்துக்கலாம்"னார்.

கடைசி நாள் ஹோட்டல் லாபியில செட்டில்மெண்ட். மேனேஜர் அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால அடிச்சார். வவுச்சர், அதாவது செலவு ரசீது, இல்லையாம். ஃபிக்சர் அவரோட வாதாடலை. என்னை நிமிர்ந்து பார்த்தார், ஏன்னா பணம் கொடுத்தப்போ பக்கத்துல நின்னது நான்தான். நான் போன்ல ஏதோ பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

ட்ரோன்_ராஜா

நமக்கு மொரோக்கோ. அங்கே உள்ளூர் கம்பெனி மூலமாத்தான் சினிமா மையத்துல அனுமதி வாங்கணும், அதனால ஃபிக்சர் வைக்கறதா வேண்டாமாங்கற பேச்சுக்கே இடமில்லை. அவர் முதல் மெயில்லயே எழுதியிருந்தார்: ட்ரோன் கொண்டு வராதீங்க, ஏர்போர்ட்லயே பிடிச்சு வெச்சுக்குவாங்க, இங்கேயே அனுமதி உள்ள ஆப்பரேட்டரை ஏற்பாடு பண்றேன்னு. அந்த மெயில் யூனிட்ல மூணு பேருக்குப் போச்சு. ஒருத்தரும் கீழே வரைக்கும் படிக்கலை.

காசாபிளாங்கா கஸ்டம்ஸ்ல பெட்டியைத் திறந்து, ட்ரோனை எடுத்து மேஜைமேல வெச்சு, ஒரு ரசீதைக் கொடுத்தாங்க. வெளியே காத்துக்கிட்டிருந்த ஃபிக்சர் மூணு மணி நேரம் கழிச்சு எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" நான் சொன்னேனேன்னு ஒரு வார்த்தை வரலை. எங்க ரிட்டர்ன் டிக்கெட் மராக்கேஷ்ல இருந்து. அந்த ட்ரோனுக்காக அவர் ரெண்டு தடவை காசாபிளாங்காவுக்கு கார் ஓட்டினார். போக வர ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஐநூறு கிலோமீட்டர்.

சூரிச்_அண்ணை

நான் மற்றப் பக்கத்தில நிக்கிற ஆள். யாழ்ப்பாணத்தில பிறந்து, இருபத்தைஞ்சு வருசமா சுவிஸில இருக்கிறன். சென்னையில இருந்து யூனிட் வந்தால் வாகனம், ஹோட்டல், பெர்மிஷன் எல்லாம் நான் பாக்கிறனான்.

தம்பி புரொடக்ஷன்_பையன், உமக்கு ஒண்டு சொல்லுறன், கோவிக்க வேண்டாம். வவுச்சர் இல்லை எண்டு வெட்டினது மேனேஜர். ஆனா சாட்சி நீர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுசன் மரியாதையோட வீட்டுக்குப் போயிருப்பான்.

என்ர கதை இத்தாலி-சுவிஸ் எல்லையில இருக்கிற கியாசோவில நடந்தது. யூனிட் மிலானில இறங்கி வான் வண்டியில சுவிஸுக்குள்ள வருது. எல்லாரிட்டயும் ஷெங்கன் விசா இருக்கு, பிறகு என்ன செக்கிங் எண்டு கேக்கினம். விசா ஆக்களுக்கு. சாமானுக்கு இல்லை. சுவிஸ் ஐரோப்பிய யூனியனில இல்லை, கமெரா எல்லை தாண்டினா கார்னெட்டில, அதாவது சாமானைத் தற்காலிகமாக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவாறதுக்கான சுங்கப் பத்திரத்தில, முத்திரை விழவேணும். அதிகாரி கார்னெட்டில இருக்கிற சாமான் லிஸ்டைக் கையில வச்சுக்கொண்டு லென்ஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். லிஸ்டில 35 மில்லிமீட்டர், பெட்டிக்குள்ள 40. சென்னையில கடைசி இரவு வாடகைக் கடையில மாத்தி வச்சிருக்கினம், ஒருத்தரும் லிஸ்டைத் திருத்தேல்லை. மிலானில பெட்டியைத் திறக்கவே இல்லையாம்.

கமெரா அசிஸ்டெண்ட் பெடியன் அந்தக் குளிரில வேர்த்துப்போய் நிண்டான். அவனில பிழை இல்லை. கடைசியில அந்த ஒரு லென்ஸுக்கு டெபாசிட் கட்டச் சொல்லிச்சினம். என்ர கார்டில கட்டினன். விடியக்காலமை வெளிச்சத்துக்கு கிரின்டல்வால்டில நிக்க வேண்டிய யூனிட், மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தது.

காசு அஞ்சு மாசம் கழிச்சு வந்தது. ஒவ்வொரு முறை கேக்கேக்கையும் "அண்ணே, நீங்க நம்ம ஆள்தானே" எண்டு பதில். சுவிஸ்காரனிட்ட இப்பிடிச் சொல்லுவீங்களோ? ஒரே மொழி பேசுறன் எண்டதால நான் சம்பளம் இல்லாத சொந்தக்காரன் ஆகிட்டன்.

லைன்_புரொடியூசர்_வடபழனி

தாய்லாந்துல பதிவு பண்ண உள்ளூர் கோ-ஆர்டினேட்டர் இல்லாம ஃபிலிம் ஆபீஸ் மனுவையே வாங்காது. செட்ல அவங்க அதிகாரி ஒருத்தர் உக்காந்திருப்பார், அவர் செலவும் நம்ம தலையில. எங்க டான்ஸ் மாஸ்டர் புத்தர் சிலையைப் பின்னாடி வெச்சு ஆட்டம் கம்போஸ் பண்ணப் போனார். அதிகாரி பேசலை, நாற்காலியில இருந்து எழுந்து நின்னார், அவ்வளவுதான். கோ-ஆர்டினேட்டர் பொண்ணு ஓடி வந்து கேமரா முன்னாடி கையை விரிச்சு நின்னாங்க. அந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு இல்லைன்னா மொத்த யூனிட்டும் மூட்டை கட்டியிருக்கணும்.

இனிமே போறவங்களுக்குச் சில விஷயம். கார்னெட் இந்தியாவுல ஃபிக்கிங்கற வர்த்தக சபை அமைப்பு கொடுக்குது, ஒரு வருஷம் செல்லும். லிஸ்ட்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சீரியல் நம்பர் வேணும். பெட்டி பூட்டற அன்னிக்கு ராத்திரி ஒருத்தர் நம்பரைப் படிக்கணும், இன்னொருத்தர் டிக் அடிக்கணும். சூரிச் அண்ணைக்கு நடந்தது எங்கேயும் நடக்கும். சென்னையில கிளம்பும்போது கார்னெட்டோட மஞ்சள் தாள்ல முத்திரை வாங்கிட்டீங்களான்னு ஏர்போர்ட்லயே பாருங்க. அதை விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது நம்ம கஸ்டம்ஸ்லயே மாட்டிக்குவீங்க. ஸ்பேர் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில போகக்கூடாது, கையிலதான். பேட்டரியோட அளவு 100 வாட்-ஹவருக்குள்ள (Wh) இருந்தா பிரச்சனை இல்லை. 100 முதல் 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட கேட்டு ஆளுக்கு ரெண்டு. அதுக்கு மேல பயணியா கொண்டுபோகவே முடியாது. அதனாலதான் எல்லாரும் 98 வாட்-ஹவர் வி-மவுண்ட் கேமரா பேட்டரி எடுத்துட்டுப் போறாங்க.

ஐரோப்பாவுல பஸ் டிரைவரை நம்மூர் யூனிட் வண்டி டிரைவர் மாதிரி நினைக்காதீங்க. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. வண்டியில இருக்கற கருவி எல்லாத்தையும் பதிவு பண்ணும், போலீஸ் நிறுத்திப் பாத்தா மாட்டிக்கறது அவர். "பேட்டா சேத்துத் தரோம்"னு சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பணத்துக்கு வருவோம். ஃபிக்சரோட ஒப்பந்தத்துல தினச் சம்பளம், ஓவர்டைம் எத்தனை மணிக்கு மேல, ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆகி எத்தனை நாள்ல பாக்கி, இது மூணும் எழுத்துல இருக்கட்டும். வவுச்சர் இல்லாத செலவுக்குன்னு பட்ஜெட்ல தனியா ஒரு வரி போடுங்க. கிராமத்துப் பாட்டிகிட்ட ரசீது எப்படி வாங்குவீங்க? அப்புறம், சூரிச் அண்ணை, அந்தப் பையனைச் சொல்றது நியாயமில்லை. அசிஸ்டெண்ட் வாயைத் திறந்தா அடுத்த ஷெட்யூல்ல அவன் இருக்க மாட்டான். உங்களுக்கும் இது தெரியும்.

திபிலிசி_டாக்டர்

நான் ஜார்ஜியா தலைநகர் திபிலிசியில எம்பிபிஎஸ் படிச்சேன். நம்மூர் யூனிட் வந்தா சீனியர் பசங்க மொழிபெயர்க்கப் போவோம். நல்ல ஃபிக்சருக்குக் கொடுக்கறதுல கால்வாசி கொடுத்தா போதும்னு எங்களைக் கூப்பிடுவாங்க.

ஒரு ஜனவரி. கஸ்பெகி போற வழியில, குடவுரி தாண்டினதும் பனி. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிட்டார், மேல ஜ்வாரி கணவாய் இதுக்கு மேல தாங்காதுன்னார். மேனேஜர் என்கிட்ட, "டபுள் பேட்டான்னு சொல்லு." எனக்குத் தெரிஞ்ச ஜார்ஜிய மொழியில அதை அப்படியே சொன்னேன். அவர் இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி, என் கையைப் பிடிச்சு இழுத்து, உள்ளங்கையில வெச்சு விரலை மூடினார். ஒரு வார்த்தை பேசலை. வண்டியில பின்னாடி முப்பது பேர்.

கொஞ்ச நேரத்துல மேலே இருந்து போலீஸ் வண்டி இறங்கி வந்து ரோட்டை மூடிட்டாங்க. பனிச்சரிவு பயம். அந்த ரோட்டுல அது வழக்கம்தான், டிரைவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என் இடத்துல விவரம் தெரிஞ்ச ஃபிக்சர் இருந்திருந்தா, அவர் வாயில அந்த வாக்கியமே வந்திருக்காது. இன்னிக்கு நைட் டியூட்டியில நோயாளி வீட்டுக்காரங்க "எவ்வளவு வேணாலும் தர்றோம் டாக்டர்"னு சொல்லும்போது அந்தச் சாவியோட சில்லிப்பு கையில வருது.

புரொடக்ஷன்_பையன்

சூரிச் அண்ணை, நீங்க சொன்னதுல கோபம் இல்லை. வேலை போயிருக்கும்னு வடபழனி சார் சொல்றதும் உண்மை, ஆனா அன்னிக்கு நான் அதை யோசிச்சு ஒண்ணும் வாயை மூடலை. பயந்தேன், அவ்வளவுதான்.

அந்த ஃபிக்சர் நம்பர் இன்னும் இருக்கு. நேத்து ராத்திரி மெசேஜ் போட்டேன். ஞாபகம் வெச்சிருக்கார். பணம் வேண்டாம்னுட்டார். பாட்டி அதே வீட்டுலதான் இருக்காங்களாம். எனக்கு அந்த 200 லாரியைக் கொடுத்தே ஆகணும். எப்படி அனுப்பறது?

சூரிச்_அண்ணை

அவனுக்குத்தான் குடுக்கவேணும் தம்பி. பாட்டிக்கு அவன் அண்டைக்கே குடுத்திட்டான். வேண்டாம் எண்டுதான் சொல்லுவான். நானும் அப்பிடித்தான் சொல்லுவன்.

திபிலிசி_டாக்டர்

என் ஜூனியர் ஒருத்தன் லீவு முடிஞ்சு அடுத்த மாசம் சேலத்துல இருந்து கிளம்பறான். கவர்ல டாலரா போட்டுக் கொடுங்க, அங்கே லாரியா மாத்தி நேர்ல கையில கொடுத்துடுவான். அவர் பேரை எனக்குத் தனியா அனுப்புங்க. கவர் மேல ஜார்ஜிய எழுத்துல எழுதித் தர்றேன்.