பென்ஷன் என்னுடையது, பாஸ்புக் யாரிடம் இருக்க வேண்டும்?

தொரப்பாடி தாத்தா:
வயது 74. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் வீட்டில் இருக்கிறேன். சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு அப்புறம் என் பென்ஷன் கணக்கில் இருந்த செல் நம்பரை எடுத்துவிட்டு, தன் நம்பரைப் போட வைத்தான் மகன். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அவன் பீரோவுக்குப் போய்விட்டன. "எது வேணும்னாலும் கேளுங்கப்பா, உடனே அனுப்பறேன்" என்கிறான்.

சனிக்கிழமை வேலூர் நேதாஜி மார்க்கெட் போயிருந்தேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் புதிதாக வந்திருந்தது. காம்பு முள் விரலில் குத்தக் குத்த ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிலோ நிறுத்தாயிற்று. சட்டைப் பையில் இருந்தது பத்து ரூபாய். பணம் அனுப்பச் சொல்லி, கடையின் க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். அவன் மீட்டிங்கில் இருந்திருக்கிறான். கால் மணி நேரம் நின்றேன். அந்தம்மா, "எடுத்துட்டுப் போ தாத்தா, அப்புறம் குடு" என்றார். மனசு வரவில்லை, காயைத் திருப்பிக் கொட்டிவிட்டு வந்தேன். முப்பத்தி மூன்று வருஷம் வேலை செய்து வாங்குகிற பென்ஷன் இது. பாஸ்புக்கைத் திருப்பிக் கேட்டால் தப்பா?

சத்துவாச்சாரி மருமகள்:
ஐயா, படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நான் உங்கள் மகன் பக்கம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமனாருக்கு ஒரு போன் வந்தது. கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள விவரம், காலாவதியாகிவிட்டது, இன்றைக்கே கணக்கை முடக்கிவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். போனில் வந்த ஓடிபியைச் சொல்லிவிட்டார். 84,000 ரூபாய் போய்விட்டது. கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். அதைவிடப் பெரிய வேதனை, இரண்டு நாள் எங்களிடம் சொல்லவே இல்லை. சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார், சுகர் என்று நினைத்துக்கொண்டோம். தெரிந்த அன்றைக்கே நம்பரை என் வீட்டுக்காரர் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். அதிகாரம் பண்ண இல்லை ஐயா, பயத்தில்தான்.

காட்பாடி வாசி:
நானும் மகன்தான், வயது 43. அப்பா மே மாச வெயிலில் பேங்க் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர். நம்ம ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நான் சென்னையில் வேலையில் இருந்தேன், ரயில் பிடித்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. வெளியே போகாமல் வீட்டிலிருந்தே எல்லாம் நடக்கட்டும் என்று பிள்ளை நினைப்பது குற்றமா?

குடியாத்தம் டீச்சர்:
எனக்கு 69. ஓய்வு பெற்ற பிறகுதான் போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டேன். மருமகளம்மா, உங்கள் மாமனார் ஏன் இரண்டு நாள் மறைத்தார்? சொன்னால் போனையும் கணக்கையும் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான். கடைசியில் அதுவேதான் நடந்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று இருக்கிறது. ஓடிபியை நாமே சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கிற வரைக்கும் போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அடித்தால் போகிற வழியிலேயே பணத்தை மறிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். திட்டுவார்களோ என்று பயப்படுகிற பெரியவர் அந்த ஒரு மணி நேரத்தில் வாயே திறக்க மாட்டார்.

சத்துவாச்சாரி மருமகள்:
டீச்சரம்மா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. நாங்கள் அவரைத் திட்டவில்லை, ஆனால் அழுதோம். ஒருவேளை அவருக்கு அது திட்டைவிட மோசமாக இருந்திருக்கலாம். சரி, மறுபடி அவர் கையில் கொடுத்து மறுபடி போனால்? இன்னொரு 84,000-க்கு எங்கே போவது?

குடியாத்தம் டீச்சர்:
மொத்தத்தையும் கொடுக்க வேண்டாமே. என் பென்ஷன் கணக்கில் போன் பேமெண்ட்டே கிடையாது, பாஸ்புக் மட்டும்தான். வேறொரு கணக்கில் மாசம் மூவாயிரம் போட்டு, அதை மட்டும் போனில் இணைத்திருக்கிறேன். எவன் ஏமாற்றினாலும் போவது அவ்வளவுதான். இன்னொன்று, நமக்குப் பணம் வர வேண்டுமானால் ரகசிய PIN நம்பர் போடவே வேண்டாம். போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். இதை என் அக்காவுக்கு ஒரே சாயங்காலத்தில் புரிய வைத்தேன், அவருக்கு 76.

காட்பாடி வாசி:
யூபிஐ சர்க்கிள் என்று 2024-ல் வந்ததே, அதைச் செய்யலாமே? மகன் கணக்கிலிருந்து அப்பா தன் போனிலேயே செலவு செய்யலாம். மாசம் 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை. தாத்தா கடையில் நிற்கவே வேண்டாம்.

குடியாத்தம் டீச்சர்:
வசதி நல்லதுதான் தம்பி. ஆனால் அதில் பணம் மகனுடையது, செலவழிக்க அனுமதி அப்பாவுக்கு. இந்த ஐயாவிடம் சொந்தமாகப் பென்ஷன் இருக்கிறது. தன் பணம் இருக்கும்போது பிள்ளை கொடுக்கிற கைச்செலவில் எதற்கு வாழ வேண்டும்? மயக்கத்துக்குப் பயந்தால் பென்ஷனுக்குக் கொடுக்கிற லைஃப் சர்டிபிகேட்டுக்கு (ஆயுள் சான்று) போஸ்ட்மேனை வீட்டுக்கே வரச் சொல்லலாம், 70 ரூபாய்தான். வெயிலுக்குப் பயந்து கணக்கையே பிடுங்கிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காட்பாடி வாசி:
பிடுங்குவது என்கிற வார்த்தை வலிக்கிறதம்மா. எங்கள் அப்பா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

தொரப்பாடி தாத்தா:
தம்பி, நானும் என் மகனிடம் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதினேன்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவனிடம் கேட்டுவிட்டேன். கத்தரிக்காய் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அன்னிக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமேப்பா" என்றான். பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து வந்து என் தலையணைப் பக்கத்தில் வைத்தான். நம்பரை மாற்ற நானே நேரில் போக வேண்டுமாம். வெயில் ஏறுவதற்குள், திங்கட்கிழமை காலையில் லீவு போட்டு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஏடிஎம் கார்டு அவனிடமே இருக்கட்டும் என்றேன். மருமகளம்மா சொன்ன பயம் எனக்கும் உண்டு. 1930 என்று பெரிதாக எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

சத்துவாச்சாரி மருமகள்:
ஐயா, மாமனாரிடம் இன்றைக்கு இதைப் படித்துக் காட்டினேன். பாஸ்புக்கைக் கேட்கவில்லை. அந்த மூவாயிரம் கணக்கை எப்படித் தொடங்குவது என்று டீச்சரம்மாவிடம் கேட்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பயம் போகவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சொல்லுங்கள் அம்மா.