டொரோண்டோவில் ஜனவரியில் ஒரு நாள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறவுகளே, ஜனவரி நடுவில், ஒரு சனிக்கிழமை. நான்கு பெரியவர்கள், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கார் இல்லை.

இதுவரை போட்ட திட்டம்: காலையில் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஸ்கேட்டிங். அனுமதி இலவசம், ஸ்கேட்ஸுக்கு மட்டும் வாடகை. பிறகு கடைகள் நிறைந்த பாத் (PATH) நிலத்தடி நடைபாதை வழியாக யூனியன் நிலையம். 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதை அது. ஆனால் வார இறுதியில் அங்கே பல கடைகள் பூட்டிக் கிடக்கும், சாப்பாட்டுக்கு நம்ப முடியாது. அடுத்து ஏரியிலுள்ள வார்ட்ஸ் தீவுக்குப் படகு. குளிர்காலத்தில் படகு அங்கே மட்டும்தான் போகும். ஐந்து மணியளவில் இருட்டிவிடும், ஏரிக்காற்று வேறு.

உடுப்பில் குழப்பமில்லை. கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொண்டு விரலை விறைக்க வைக்கும். இரண்டு சோடி போட்டால் ஸ்கேட்ஸ் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கைபேசி உள்பையில்.

தெரிய வேண்டியவை: 6 வயதுப் பிள்ளையின் அளவில் ஸ்கேட்ஸும் ஹெல்மெட்டும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுமா? கார்டினர் மேம்பாலத்துக்குக் கீழே உள்ள பென்ட்வே ஸ்கேட்டிங் தடம் (220 மீட்டர்) புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சரிவருமா? 2024இல் நகராட்சி பல மேடுகளில் பனியில் சறுக்குப் பலகையில் சறுக்குவதற்குத் தடைப்பலகை வைத்ததே, ஸ்கார்பரோ பக்கம் பேருந்தில் போகக்கூடிய, தடையில்லாத மேடு எது? போன குளிர்காலத்தில் போனவர்கள் சொன்னால் நல்லது, பழைய தகவல் வேண்டாம்.