ரத்தம் சாப்பிடுவது பற்றி: அப்போஸ்தலர் 15ஆ, 1 கொரிந்தியர் 10ஆ?

சபையின் வாலிபர் வேதபாடத்தில் இந்த மாதம் உணவுச் சட்டங்களைப் படிக்கிறோம். லேவியராகமம் 11, மாற்கு 7, யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனம் வரை சிக்கல் இல்லை. பன்றியும் இறாலும் இப்போது தடையில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அப்புறம் ஒரு தம்பி கேட்டான்: "அப்படியானால் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடலாமா அண்ணா?" அங்கேதான் நின்றுவிட்டோம்.

அப்போஸ்தலர் 15:29இல் உள்ள எருசலேம் சபையின் கடிதம் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளையே ரத்தத்துக்கும் விக்கிரகங்களுக்குப் படைத்ததற்கும் விலகச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 10:25இல் பவுல், கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார். ஆனால் வெளிப்படுத்தல் 2இல் பெர்கமு, தியத்தீரா சபைகள் விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிட்டதற்காகவும் கண்டிக்கப்படுகின்றன.

போதகரிடம் கேட்டேன். யூத விசுவாசிகளுக்கு இடறல் வராமலிருக்க அந்தக் காலத்துக்கு மட்டும் தந்த கட்டளை என்றார். விளக்கவுரையும் அதையே சொல்கிறது. அப்போஸ்தலர் 15இன் கடிதம் அந்தியோகியா, சீரியா, சிலிசியா சபைகளுக்குத்தான் என்றும் சேர்க்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே பட்டியலில் வேசித்தனமும் இருக்கிறதே, அதைத் தற்காலிகத் தடை என்று யாராவது சொல்வார்களா? அப்போஸ்தலர் 16:4இல் பவுலே அந்தத் தீர்மானங்களைத் தெர்பை, லீஸ்திரா பக்கமும் கொண்டுபோகிறார். போதாததற்கு, ரத்தத் தடை மோசேக்கு முன்பே ஆதியாகமம் 9:4இல் நோவாவுக்குச் சொல்லப்பட்டது.

படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 ஓரளவு வழிகாட்டுகின்றன; கோவில் பந்தி வேறு, கடை இறைச்சி வேறு என்று புரிகிறது. ரத்தத்துக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

ஆதியாகமம் 9:4ஐயும் கணக்கில் எடுத்தால், ரத்தம் சாப்பிடக் கூடாது என்ற கட்டளை இன்றைய புறஜாதி விசுவாசியையும் கட்டுப்படுத்துமா? வசன ஆதாரத்தோடு சொல்லுங்கள்.