பார்சிலோனா: ஓனர் பத்ரோன் (மாநகராட்சி முகவரிப் பதிவு) வேண்டாம்ங்கிறார், 12 நாளில் கைரேகை. உதவி தேவை

வைகைக்கரை:
வேலை விசாவில் வந்து மூணு வாரம் ஆகுது. நாலு பேர் இருக்கிற ஃபிளாட்டில் ஒரு ரூம். வீட்டு ஒப்பந்தம் என்கூட இருக்கிற ஈக்வடார்க்காரர் பேர்ல. எனக்குன்னு எழுத்து எதுவும் கிடையாது, வாடகையை அவருக்கு பேங்க்ல அனுப்புறேன். டி.ஐ.இ. கார்டுக்கு (வெளிநாட்டவர் அடையாள அட்டை) கைரேகை வைக்க 12 நாள்ல சீத்தா (முன்பதிவு நேரம்). பத்ரோன் பேப்பர் கொண்டு போகணும்னு கம்பெனியில சொல்றாங்க. ஓனரோ பத்ரோன் கூடவே கூடாதுங்கிறார். இதுக்கு நடுவுல ஒருத்தர் 200 யூரோ கொடுத்தா வேற முகவரியில் பதிஞ்சு தர்றேன்கிறார். தூக்கமே இல்லை, வழி சொல்லுங்க.

கொங்குத்தென்றல்:
தம்பி, அந்த 200 யூரோவை மட்டும் கொடுத்துடாதீங்க. குடியிருக்காத வீட்டில் பதிஞ்சா அது பொய்ப் பதிவு. தெரிஞ்சா மாநகராட்சி பேரை நீக்கிடும். அப்புறம் கார்டு புதுப்பிக்கும்போது நீங்கதான் பதில் சொல்லணும்.

பத்ரோன் ஓனர் தர்ற சலுகை இல்லை. 1985ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி, ஸ்பெயினில் வாழுற எல்லாரும் வழக்கமா இருக்கிற ஊரில் பதிஞ்சே ஆகணும். பதிஞ்சவருக்கு வீட்டு மேல உரிமை வந்துடும்னு பல ஓனர்கள் பயப்படுறாங்க. அப்படி எந்த உரிமையும் வராது. அந்த ஈக்வடார்க்காரர் அங்க பதிஞ்சிருக்காரா? உங்களைச் சேர்க்கச் சம்மதம்னு அவர் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தம், அடையாள அட்டை நகல் தந்தாலே போதும்.

வைகைக்கரை:
பதிஞ்சிருக்கார் அண்ணா. கையெழுத்துப் போடவும் மனசு இருக்கு. ஆனா ஓனர் வீட்டை விட்டு அனுப்பிடுவாரோன்னு பயப்படுறார்.

நெய்தல்நிலா:
அவர் பயத்தில் நியாயம் இருக்கு. ரூமை உள்வாடகைக்கு விட ஓனரோட எழுத்துச் சம்மதம் வேணும்னு வாடகைச் சட்டம் 8ஆம் பிரிவு சொல்லுது. முதல்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படிங்க. உங்க காகிதத்துக்காக அவர் வீட்டை இழக்கக் கூடாது.

அவரால முடியலைன்னாலும் வழி இருக்கு. 2020 பிப்ரவரி 17 தேதியிட்ட பத்ரோன் வழிகாட்டுதல், நீங்க எங்க வாழுறீங்கங்கிறதைத்தான் பதியச் சொல்லுது. வீடு யாருக்கு உரிமைங்கிறதைத் தீர்க்கிறது மாநகராட்சி வேலை இல்லை. காகிதம் இல்லாட்டி உள்ளூர் போலீஸ் வந்து பார்த்தும் உறுதி செய்யலாம். அதுக்கு நாள் பிடிக்கும், அதனால இன்னைக்கே மாநகராட்சி உதவி எண் 010க்கு ஃபோன் அடிச்சு மாநகராட்சி சேவை அலுவலகத்தில் நேரம் வாங்குங்க. கைரேகை சீத்தாவை எந்தக் காரணத்துக்கும் விட்டுடாதீங்க, மறுபடி கிடைக்கிறது பெரும்பாடு.

நம்ம ஆட்களுக்கு இன்னொண்ணு. படிவத்தில் ரெண்டு குடும்பப் பெயர் கேட்பாங்க. இடம் காலியா இருக்கேன்னு அப்பா பேரை விரிச்சு எழுதிடாதீங்க. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதி, ரெண்டாவதை வெறுமையா விடுங்க. என் பேங்க் கணக்குல ஒரு பேர், கார்டுல ஒரு பேர்னு ஆகி எட்டு மாசம் அலைஞ்சேன்.

வைகைக்கரை:
பத்து நாள் கழிச்சு எழுதுறேன். ஒப்பந்தத்தில் ரூம் விடலாம்னு ஓனரே எழுதியிருந்தார்! அதைக் காட்டினதும் ஈக்வடார் அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டார், லீவு போட்டு அலுவலகத்துக்கும் கூட வந்தார். அன்னைக்கே பேப்பர் கைக்கு வந்துடுச்சு. நாளை மறுநாள் கைரேகை. உங்க ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

கொங்குத்தென்றல்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. நிரந்தரமா தங்குற அனுமதி கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்ரோனைப் புதுப்பிக்கணும், தேதியைக் குறிச்சு வைங்க. பாஸ்போர்ட், கார்டு கேட்கிற இ.எக்ஸ். 17 படிவம், கார்டுக்கான 790-012 கட்டணம் கட்டின ரசீது, ஃபோட்டோ, எல்லாத்தையும் இன்னைக்கே ஒரே ஃபைல்ல போட்டுடுங்க.