டேனரி இருந்த மனை: மண்ணைச் சுத்தம் பண்ணுற செலவு யார் தலையில?

நாகல்கேணி வாசி:
நானும் தம்பியும் பம்மல் பக்கம் பேங்க் ஏலத்துல ரெண்டு கிரவுண்டு எடுத்தோம். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் பார்த்தாச்சு, ஒரு குறையும் இல்லை. கடகால் எடுக்க ஆறடி தோண்டினதும் மண்ணு மஞ்சளும் பச்சையுமா வருது. போர் தண்ணியை வெள்ளை பக்கெட்டுல பிடிச்சு வெயில்ல வச்சா எலுமிச்சம்பழச் சாறு விட்ட மாதிரி நிறம். லேப்ல குரோமியம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. குடிதண்ணில லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாதாம். எங்களோடது பல மடங்கு. அங்க முன்னாடி டேனரி, அதாவது தோல் பதனிடுற ஆலை, இருந்ததுன்னு இப்பதான் அக்கம்பக்கத்துல சொல்றாங்க. கெடுத்தவன் ஒருத்தன், செலவு பண்றது நானா? ஒத்துக்கவே மாட்டேன்.

கிணத்தடி:
அண்ணே, உங்க மனைக்கு ரெண்டு தெரு தள்ளி எங்க வீடு. எங்கப்பா அந்த மாதிரி ஒரு டேனரியில பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பைக்ரோமேட்டுங்கிற குரோமிய உப்பை வெல்லப்பாகு விட்டுக் காய்ச்சிதான் அப்பல்லாம் தோல் பதனிடுற குரோம் லிக்கர் தயார் பண்ணுவாங்களாம். அந்த ஆவி பட்டுப் பட்டு அவர் மூக்குத் தண்டுல ஓட்டையே விழுந்துடுச்சு. எங்க கிணத்தை மூடி வருஷக்கணக்காச்சு. நீங்க ஏமாந்தது உண்மை, மனசு கஷ்டமா இருக்கு. ஆனா விஷம் இன்னைக்கு உங்க மண்ணுலதான் இருக்கு. மழை பெஞ்சா எங்க பக்கம்தான் இறங்கும். மண்ணு யார் கையில இருக்கோ அவங்க முதல்ல சுத்தம் பண்ணணும். அப்புறம் பழைய ஓனர் மேல கேஸ் போட்டு வாங்கிக்கட்டும்.

வக்கீல் சைதாப்பேட்டை:
நாகல்கேணி சார் சொல்றதுக்குச் சட்டத்துல பலம் இருக்கு. தோல் தொழிற்சாலை வழக்குல 28.8.1996 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பாலாற்றுக்கு மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. அப்ப இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதுல உண்டு, அதாவது நம்ம பல்லாவரம், குரோம்பேட்டை. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தா மட்டும் போதாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கிற செலவும் கெடுத்தவன் தலையிலதான்னு சொன்னாங்க. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தோட 17ஆம் பிரிவுப்படி தப்பு வேணும்னே நடந்ததான்னு நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனா நஷ்டஈடு கேட்க 15ஆம் பிரிவுல அஞ்சு வருஷக் கெடு இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

நாகல்கேணி வாசி:
பழைய கம்பெனியே இப்ப இல்லையே சார். யாரைப் பிடிக்கிறது? பேங்க் இத்தனை வருஷம் அந்த இடத்தை அடமானமா வச்சிருந்தது. அவங்களுக்குத் தெரியாதா?

ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்:
ஏல நோட்டீஸ்ல ‘உள்ளது உள்ளபடி’ன்னு போட்டிருக்கும், படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீங்க. கடன் கொடுத்தவன் கழிவைக் கொட்டலை. பேங்க் தலையில இதைக் கட்டினா நாளைக்கு அம்பத்தூர்ல உலோகத்துக்கு முலாம் பூசுற ஒரு பிளேட்டிங் யூனிட்டுக்குக்கூட யாரும் லோன் கொடுக்க மாட்டாங்க. சின்ன முதலாளிதான் சாவான்.

கிணத்தடி:
லோன் கொடுக்கும்போது வட்டி கணக்குப் பார்த்தீங்க, மண்ணைப் பார்க்கலையே சார். ஏலத்துல வந்த பணம் முழுசா உங்க கடனுக்குப் போச்சு. எங்க கிணத்துக்கு ஒரு பைசா வரலை. இது எந்த ஊர் நியாயம்?

வக்கீல் சைதாப்பேட்டை:
கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டா வரிசை அப்படித்தான் இருக்கு. தொழிலாளர் பாக்கியும் அடமானக் கடனும் முன்னாடி, அரசு பாக்கி பின்னாடி. அதுக்குள்ள பானை காலி. ராஜஸ்தான்ல பிச்ரி கிராமத்து வழக்குல வேற மாதிரி நடந்தது. மூடின ரசாயன ஆலைகளோட சொத்தை ஜப்தி பண்ணி அதுல இருந்து சுத்தம் பண்ணச் சொன்னாங்க. கம்பெனி பணம் கட்டாம இழுத்தடிச்சது. 2011ல 37.385 கோடிக்கு 12 சதவீதக் கூட்டு வட்டி போட்டு உத்தரவு வந்தது.

அமெரிக்காவுல 1980லேயே சட்டம் வந்துடுச்சு. அங்க இன்னைக்கு நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களையும் பிடிப்பாங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒழுங்கா விசாரிச்சவருக்கு 2002ல விலக்கு கொடுத்தாங்க. நம்ம மத்திய அரசும் 2025 ஜூலைல மாசுபட்ட இடங்களுக்குன்னே தனி விதி போட்டிருக்கு. பொறுப்பாளி யாருன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடிக்கணும். அவரால முடியலைன்னா மத்திய, மாநில அரசுகள் செலவை ஏத்துக்கணும். முதல்ல ஒரு மனு எழுதி வாரியத்துலயும் கலெக்டர் ஆபீஸ்லயும் கொடுத்து ரசீது வாங்குங்க.

என் கட்சி இதுதான். அடமானம் வச்சா வில்லங்கத்துல ஏறுது, பூமிக்கடியில விஷம் இருந்தா ஏறலை. அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒரு மனைக்கு என்ன இருக்கு? வாரியம் ஒரு இடத்தை மாசுபட்டதுன்னு சொன்ன அன்னைக்கே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவாகணும். அப்ப ஏலத்துல விலை தானா இறங்கும், குறையுற பணம் பேங்க் பங்கா ஆயிடும்.

ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்:
பதிவு பண்ணலாம், நான் எதிர்க்கலை. முன்தேதியிட்டு எங்களைப் பொறுப்பாக்குறதைத்தான் எதிர்க்கிறேன்.

கிணத்தடி:
குரோம்பேட்டைங்கிற பேரே குரோம் லெதர் கம்பெனியால வந்தது. பேர்லயே எழுதியிருக்கு, பத்திரத்துல இல்லை. அண்ணே, வழக்கு நடக்கட்டும். உங்க போர்ல ராத்திரி டேங்கர் லாரி தண்ணி ரொப்புறதைப் பார்த்தேன். அது யார் வீட்டுக்குப் போகுது?

நாகல்கேணி வாசி:
கட்டட வேலைக்குத்தான் எடுத்துட்டுப் போறாங்கன்னு வாட்ச்மேன் சொன்னான், நானும் விசாரிக்கலை. இன்னைக்கு சாயங்காலமே மோட்டாரைக் கழட்டுறேன். தோண்டின மண்ணு மேல தார்ப்பாய் போட்டு மூடுறேன்மா. சுத்தம் பண்ற செலவை மட்டும் இப்பவும் ஒத்துக்க மாட்டேன். மனுவை நாளைக்கு எழுதுறேன், நீயும் உன் கிணத்து விவரத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போடு.