பையை இழுத்துக்கொண்டு போன நீரோட்டம்

ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் குடும்பம் எங்களுடையது. கடலுக்குப் போகாமல் படித்தவள் நான் ஒருத்திதான். அதனாலேயே ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு. முகநூலில் எழுதவும் செய்தேன். "மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள்." இப்படித்தான் போகும். எல்லாம் சரியான தகவல். சொந்தக்காரர்கள் நாலு பேர் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

கதை மாதிரி எழுதிப் பார் என்றார்கள். தேடிப் படித்தேன். குஸ்டாவ் பிரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் நாடகத்தை ஐந்து பகுதியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. அதன்படி எழுதினேன். அறிமுகமே பத்து வரி வந்தது. நாடகத்துக்கு வந்தவர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார், பொறுத்திருப்பார். போனை வைத்திருப்பவர் ஏன் பொறுக்க வேண்டும்?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சின்னம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "விரல்ல சுத்துன துணி அவுந்துருச்சு. அதக் கட்டுவோம்னு ஒரு நிமிசம் பைய விட்டேன். திரும்பிப் பாத்தா பையக் காணோம்."

பக்கத்து வீட்டுப் பையன் உடனே கேட்டான், துணி எதற்குச் சுற்றுகிறீர்கள் என்று. பாசி ஒட்டியிருக்கும் பார், அதாவது கடலடிப் பாறை, விரலைக் கிழித்துவிடும் என்றார் சின்னம்மா. "ஒரு பைதானே பாட்டி?" என்றாள் என் மகள். மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டைச் சின்னம்மா சொன்னார். அந்த 12இல் ஒரு நாள் அன்றைக்குத் தண்ணீரில் போனது. மகள் பேசாமல் ஆகிவிட்டாள்.

அந்த 12 நாள் கணக்கை நான் மூன்று பதிவுகளில் எழுதியிருக்கிறேன். யாருக்கும் உறைக்கவில்லை. சின்னம்மா முதலில் கேள்வியைப் பிறக்க வைத்தார், அதற்குப் பிறகுதான் தகவலைக் கொடுத்தார். நானோ யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சங்கப் பாடல்களுக்கென்று பள்ளியில் படித்த முதல், கரு, உரி அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே உள்ள உயிர்கள், தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். உரிப்பொருள் என்பது மனசில் நடப்பது. கடற்கரை நிலமான நெய்தலுக்கு அது இரங்கல், அதாவது ஏங்கி வருந்துவது. என் பதிவுகளில் கருப்பொருள் குவிந்து கிடந்தது, இரங்க ஒரு ஆள் இல்லை. சின்னம்மா கதையில் நிலமும் பொழுதும் அரை வரிதான்: விடியக்காலை, கழுத்தளவு தண்ணீர். மற்றதெல்லாம் அந்தப் பையைத் தேடுவதுதான்.

அவரிடம் கேட்டுக்கொண்டு அதையே எழுதினேன், அவிழ்ந்த துணியிலிருந்து தொடங்கி. போடுவதற்கு முன் வாசித்துக் காட்டினேன். விறுவிறுப்புக்காக ஒரு பெரிய அலையைச் சேர்த்திருந்தேன். சின்னம்மா பாதியிலேயே நிறுத்தினார். "அலை எங்க வந்துச்சு தாயி? அன்னைக்குக் கடல் தட்டையாக் கெடந்துச்சு. அடியில ஓடுற நீரோட்டம்தான் இழுத்துட்டுப் போச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அலையை எடுத்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். மேலே அசையாத தண்ணீர், கீழே பை போய்க்கொண்டிருக்கிறது. நான் கட்டிய அலையைவிட அதுதான் பயமாக இருந்தது. கதையாக எழுதுகிறவர்கள் சம்பந்தப்பட்டவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

பதிவு போட்ட அன்று ராத்திரியே மூன்று பேர் கேட்டிருந்தார்கள், பை கிடைத்ததா என்று. நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன். ஆர்வம் கூடும் என்று நினைத்ததுதான் காரணம், ஆனால் அது சரியில்லை. கேட்க வைத்துவிட்டுப் பதிலை மறைப்பது வாசிப்பவரை ஏமாற்றுகிற மாதிரி. மறுநாளே சேர்த்தேன்: கிடைக்கவில்லை. கூட வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு கை பாசி அள்ளிப் போட்டார்கள்.

இப்போது எங்கள் அப்பத்தாவின் தனுஷ்கோடியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல், கடலுக்குள் போன ரயில் எல்லாம் பலரும் எழுதியதுதான். அப்பத்தா அன்று வாசல் வரை வந்தவர் எதையோ எடுக்கத் திரும்பவும் உள்ளே ஓடியிருக்கிறார். அது என்ன என்று இதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.