பழைய காரில் போன் பாட்டு: அவசரம், நாளை காலை கிளம்பணும்

நெல்லைக்காரன்:
டொரோண்டோ வந்து ஏழு வாரம் ஆகிறது. போன வாரம்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். நாளை காலை ஐந்தரைக்கு மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒட்டாவா போகிறோம். அம்மா பாடிய தாலாட்டு என் போனில் இருக்கிறது. அது ஓடாவிட்டால் பாப்பா கார் சீட்டில் கத்தித் தீர்த்துவிடுவாள். ஸ்டீரியோவில் ப்ளூடூத் இல்லை. என்ன வாங்க வேண்டும்?

ஸ்காபுறோ அண்ணை:
தம்பி, முதலில் டயரைப் பார்த்தீரா? ஒட்டாவா 450 கிலோமீட்டர். நான் 94இல் வந்து வாங்கின காரில் ஹீட்டரே இல்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் உறைபனியைச் சுரண்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போனேன். பாட்டு எங்கே கேட்டது!

மார்க்கம் மீனா:
போன் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்புகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குங்க. லைட்டர் ஓட்டையில் செருகி, ரேடியோவையும் அதையும் ஒரே அலைவரிசையில் வைத்தால் போதும்.

கரகரப்பு:
ஐயோ வேண்டாம். டொரோண்டோவில் காலி அலைவரிசை ஏது? பிக்கரிங் தாண்டுவதற்குள் என் பாட்டுக்கு நடுவே ஒருத்தர் வீட்டுக்கடன் விளம்பரம் படித்தார். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிடவும் வேண்டாம், முதல் தடவையே 615 டாலர். ஜி2, அதாவது புது ஓட்டுநர் லைசென்ஸ் என்றால் 30 நாள் லைசென்ஸும் போச்சு.

பிராம்ப்டன் பாலு:
ஏழு வாரமா? ஊர் லைசென்ஸ் 60 நாள்தான் செல்லும். இங்கத்தி முழு லைசென்ஸுக்கான ஜி டெஸ்டுக்கு நாள் வாங்கியாச்சா? இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டுறீங்க?

கரகரப்பு:
அந்தப் பேச்சை எடுக்காதீங்க. எனக்கு வருஷத்துக்குக் கட்டுகிற காசில் இன்னொரு காரே வாங்கலாம்.

மார்க்கம் மீனா:
எனக்கும்தான். காரை ஒரு தடவை கூட இடித்ததில்லை, வருஷா வருஷம் ஏறுகிறது.

நெல்லைக்காரன்:
பாட்டு விஷயத்துக்கு வாங்க, ப்ளீஸ். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. நேற்று பேட்டரி மாற்றியதிலிருந்து ஸ்டீரியோவில் ‘கோட்’ என்று மட்டும் வருகிறது. ரேடியோவே பாடவில்லை.

பிராம்ப்டன் பாலு:
அட, இதையல்லவா முதலில் சொல்லணும்! ரேடியோ பாடாமல் டிரான்ஸ்மிட்டர் எதற்கு? ஹோண்டாவா? போன் எது?

நெல்லைக்காரன்:
2008 சிவிக். ஐபோன் 11.

பிராம்ப்டன் பாலு:
சரி. டேஷ்போர்டு பெட்டிக்குள் ஓரமாகச் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்தான் ஸ்டீரியோ கேட்கிற ரகசியக் கோட். இல்லாவிட்டால் ரேடியோவின் 1, 6 பட்டன் இரண்டையும் அமுக்கிப் பிடித்தபடி ரேடியோவைப் போடுங்க, சீரியல் எண் வரும். அதையும் காரின் அடையாள எண்ணான வின் எண்ணையும் ஹோண்டா தளத்தில் கொடுத்தால் கோட் இலவசம். குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீங்க, பூட்டிக்கொள்ளும். அப்புறம் லைட்டர் ஓட்டைப் பக்கம் போனை வயரால் ஸ்டீரியோவில் இணைக்கிற ஆக்ஸ் ஓட்டை இருக்கிறதா பாருங்க. இருந்தால் லைட்னிங் முனை, அதாவது உங்க ஐபோனின் சார்ஜர் ஓட்டையில் செருகும் முனையுள்ள ஆக்ஸ் வயர் வேண்டும். 7இலிருந்தே ஐபோனில் ஹெட்போன் ஓட்டை கிடையாது.

நெல்லைக்காரன்:
ஸ்டிக்கர் கிடைத்தது, பாதி கிழிந்திருந்தாலும் எண் தெரிகிறது. ரேடியோ பாடுகிறது! ஆக்ஸ் ஓட்டையும் இருக்கிறது, காபி கறைக்கு அடியில். ஆனால் மணி பத்தரை. வயருக்கு எங்கே போவேன்?

ஸ்காபுறோ அண்ணை:
மகளின்ர பழைய வயர் இங்கே சும்மா கிடக்குது. தனிச்செய்தியில் விலாசம் அனுப்பும், கொண்டுவாறன். டயரையும் ஒருக்காப் பார்ப்பம்.